கையெழுத்தில்லாத அழைப்பு

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் கடலை மிட்டாய்க் கம்பெனிகளுக்கும் இணையதளம், மின்னஞ்சல் வேலைகளைச் செய்து கொடுப்பது என் பிழைப்பு. கடைவீதியில் என்னைக் கம்ப்யூட்டர்காரர் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது. இப்போது அதை எழுதவே கூசுகிறது.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன், ஒரு நாள் அவசரமாக வரச் சொன்னார். அவருடைய கம்பெனி முகவரியிலிருந்து வெளியூர் வியாபாரிகளுக்கு யாரோ போலி மெயில் அனுப்பியிருந்தார்கள். புது விலைப்பட்டியல் என்று ஓர் இணைப்பு, திறந்தால் வைரஸ்.

"எவனும் நம்ம கம்ப்யூட்டருக்குள்ள பூந்துட்டானாய்யா?"

"உள்ள வரல அண்ணாச்சி. அனுப்புறவரு பேருன்னு இருக்க இடத்துல யாரு பேர வேணும்னாலும் போட்டுக்கிடலாம்."

"அப்போ நம்ம லேபிள ஒட்டி எவனோ குச்சி விக்குதான்."

அதேதான். லேபிளை யாரும் அச்சடிக்கலாம் என்பதால், நான் மெயிலுக்கு டிஜிட்டல் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். கம்பெனி சர்வரில் ஒரு ரகசியச் சாவி இருக்கும். வெளியே போகிற ஒவ்வொரு மெயிலிலும் அது கையெழுத்திடும். சரிபார்க்கும் சாவியை ஊரறியக் கம்பெனியின் இணையப் பெயருக்கான டொமைன் பதிவில் வைத்துவிடுவோம். அந்தப் பேரில் கையெழுத்தில்லாமல் எது வந்தாலும் வாசலோடு திருப்பிவிடு என்று பெறுகிற சர்வர்களுக்கு உத்தரவும் போடலாம்.

இந்த உத்தரவை எடுத்த எடுப்பில் போடக் கூடாது. முதலில் சில வாரம் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டும். நம் பேரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்று உலகத்து சர்வர்களெல்லாம் அறிக்கை அனுப்பும். அதைப் படித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். எனக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வித்தை காட்டுகிற ஆசையில் அன்றைக்கே சாத்திவிட்டேன். அறிக்கைகளுக்கென்று ஒரு தனிப் பெட்டி வைத்தேன். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம் கூடியது. உள்ளூரில் வீடு வீடாகத் தாம்பாளத்தோடு போய் அழைத்தார்கள். வெளியூர் வியாபாரிகளுக்கு மெயிலில் அழைப்பு அனுப்ப, பத்திரிகை அச்சடித்த சிவகாசி அச்சகமே ஏற்பாடு செய்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று நான் கேட்டதற்கு அண்ணாச்சி, "அதுல கண்ட கழுதையும் குட்மார்னிங் போடுதான். அதுலயா கல்யாணத்துக்குக் கூப்பிடுவாவ?" என்றார். பிறகு அச்சகத்துக்குப் போன் போட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்:

"ஒங்க பேருல போகக் கூடாது. அழைப்பு என் மெயில் பேருலதான் போகணும். இல்லன்னா அவியளுக்கு என்ன மரியாத?"

நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். அச்சகத்து சர்வரில் நம் சாவி கிடையாது, அங்கிருந்து போனால் அந்த அழைப்பும் போலியாகத்தான் தெரியும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. காபியைக் குடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் முன்வரிசை நாற்காலிகள் வெளியூர்க்காரர்களுக்கென்று காலியாகக் கிடந்தன. தாலி கட்டுகிற நேரத்திலும் அண்ணாச்சி வாசலைப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது முக்கியமாக ஒருவரை. கழுகுமலையிலிருந்து பிழைக்கப் போய் ஹூப்ளியில் கடை வைத்தவர், அண்ணாச்சியின் தீப்பெட்டியை முதன்முதலில் வெளிமாநிலத்தில் விற்றுக் கொடுத்தவர். அவர் வரவில்லை.

மறுவாரம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "அந்த ஹூப்ளிக்காரர் முகவரிய நம்ம மெயில்லருந்து எடுத்துரு. வரலன்னாக்கூடப் பரவால்ல. வாழ்த்தி ஒரு போன் கூடவா பேச மாட்டாவ?"

எடுக்க உட்கார்ந்தபோதுதான் அழைப்பு அச்சகத்து சர்வரிலிருந்து போனது எனக்கு உறைத்தது. அந்த அறிக்கைப் பெட்டியைத் திறந்தேன். அச்சகத்திலிருந்து போன அழைப்பு அத்தனையும் போலியென்று திருப்பப்பட்டிருந்தது. திருடனுக்குப் போட்ட கதவில் கல்யாண வீட்டு அழைப்பை நிறுத்தியிருக்கிறேன்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நினைப்புக்கும் சேர்த்துத்தான் இன்றைக்கு வெட்கப்படுகிறேன். பிறகு போய்ச் சொன்னேன். அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஹூப்ளிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கி, என் முன்னால் தள்ளினார்.

"நீயே சொல்லு."

அழைப்பு அனுப்பியிருந்தோம், என் தப்பால் வந்து சேரவில்லை என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

"அப்படியா தம்பி? கல்யாணம்னு ஊர்லருந்து சொன்னாவ. தெனமும் மெயிலத் தெறந்து பாப்பேன்," என்றார் அவர். "பெறகு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். போன வருசம் கடைய மூடிட்டம்லா. சரக்கு எடுக்காதவன எதுக்குக் கூப்பிடணும்? அதுவும் ஞாயந்தானேன்னு விட்டுட்டேன்."

அண்ணாச்சி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். "அண்ணே" என்றார். நான் எழுந்து வெளியே போகவும் துணிச்சலில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.