மதுரை டாக்டரம்மாவும் ஒரு ஆர்டினரி காலும்

போடி டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து ஆறாவது வருஷம் என் வலது கை வேலைநிறுத்தம் செய்தது. ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து, லைனை இணைக்கிற கார்டு வயரைத் துளையில் சொருகப் போனால் கை வெடவெடவென்று நடுங்கும். தேனி லைன் கேட்டவருக்குக் கம்பம் லைனைக் கொடுத்தேன். ஒரு ஏலக்காய் வியாபாரியை அவருடைய போட்டியாளர் வீட்டிலேயே கொண்டுபோய் இணைத்துவிட்டேன். அன்றைக்கு அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

சூப்பர்வைசர் கூப்பிட்டார். "இந்தாம்மா, ரெண்டு மாசம் மெடிக்கல் லீவு போடு. அதுக்குள்ள தேறலேன்னா போர்டுல உக்கார வைக்க முடியாது. பில்லு ஒட்டுற செக்ஷனுக்குத்தான் போகணும்."

எனக்குப் போர்டுதான் உயிர். மலையில் பேசுகிறவனும் பம்பாயில் கேட்கிறவனும் என் கை வழியாகத்தான் போய்வர வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அதை விட்டுப் பசைச்சட்டியோடு உட்காருவதை நினைத்தாலே அழுகை வந்தது.

கை ஏன் நடுங்கியது என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல முடியாது, அதுதான் விஷயம்.

ஏல நாள்

எழுபதுகளின் கடைசி. அன்றைக்கு டிரங்க் கால் என்றால் மூன்று வகை. ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங். லைட்னிங்குக்கு எட்டு மடங்கு கட்டணம், ஆனால் அதுதான் முதலில் போகும். ஆர்டினரி புக் செய்தவர் போனை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததும் நாங்கள் கூப்பிடுவோம். ஏலக்காய் ஏலம் நடக்கிற நாளில் வெளியூர் லைன் அத்தனையும் வியாபாரிகளின் லைட்னிங்கிலேயே கிடக்கும்.

அப்படி ஒரு நாளில் மலை எஸ்டேட்டிலிருந்து ஒரு கணக்கப்பிள்ளை மதுரைக்குப் புக் செய்தார். அவருடைய முதலாளி வீடு அங்கே.

"ஆர்டினரியா, அர்ஜெண்டா?" என்றேன்.

"ஆர்டினரிதாம்மா. ஆனா கொஞ்சம் வெரசா குடுங்க."

எல்லாரும் வெரசா என்றுதான் சொல்வார்கள். வரிசைப்படி எழுதி வைத்தேன். நாற்பது நிமிஷம் கழித்து லைன் கிடைத்தது. இணைத்துவிட்டுக் குரல் சரியாகப் போகிறதா என்று ஒரு நொடி கேட்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு அந்த ஒரு நொடி நீண்டுபோய் நான் கேட்டது இது:

"மொதலாளி, பொம்பளையாளு ஒருத்தி மேல மரக்கொப்பு ஒடிஞ்சு விழுந்திருச்சுங்க. ஜீப்புல ஏலத்துக்குப் போற காய் லோடு ஏத்தியாச்சு. எறக்கிட்டு ஆளக் கொண்டுபோகவா?"

முதலாளி உத்தரவு இல்லாமல் எஸ்டேட் ஜீப்பு அசையாத காலம் அது. உத்தரவு கிடைத்தது. லோடை இறக்கி, அந்தப் பெண்ணை ஏற்றி, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக மறுநாள் காய்கறிக் கடையில் பேசிக்கொண்டார்கள்.

லைனில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அவர் சிலமலையில் விவசாயம் பார்த்தார். என் கையைப் பார்த்துவிட்டு மாமியார் கயிறு மந்திரித்துக் கட்டினார், பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்வினை என்றார்கள். கடைசியில் போடி டாக்டர் ஒருவர் மதுரை விலாசம் ஒன்றை எழுதித் தந்தார். மனநல டாக்டரம்மா, வீட்டு முன்னறையிலேயே ஆட்களை உட்கார வைத்துப் பேசுகிறவர்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்று வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன்.

"காய்ச்சல்னா டாக்டருட்டப் போறமா இல்லையா? அது மாதிரித்தான். கெளம்பு பிள்ள."

"ஊருக்குள்ள என்ன சொல்லுவாக?"

"ஊர் வாயை மூட உலைமூடி கெடையாது. ரயிலுக்கு நேரமாச்சு."

அந்த மனுஷனுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அறுவடை நாளிலும் வயலைக் கூலியாட்கள் பொறுப்பில் விட்டுவிட்டு என்னோடு மதுரைக்கு வந்து, அந்த வீட்டு வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முக்கால் மணி நேரம்

முதல் நாள் டாக்டரம்மா "சொல்லுங்க" என்றார். நான் கை நடுங்குவதைச் சொன்னேன், தூக்கம் இல்லாததைச் சொன்னேன், சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"மூணு நிமிஷம் ஆயிருச்சுங்க மேடம்."

டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம்தான் ஒரு கணக்கு. அதற்கு மேல் வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு எனக்குள்ளேயே ஒரு மணி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க யாரும் லைனைக் கட் பண்ண மாட்டாங்க. முக்கால் மணி நேரமும் உங்களுதுதான்."

நான்கு வாரம் மாமியாரைப் பற்றிப் பேசினேன், குழம்பைப் பற்றிப் பேசினேன், சூப்பர்வைசரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அந்த ஒரு நொடியை மட்டும் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் அவரே கேட்டார்.

"சொல்லக் கூடாததுன்னு ஏதாச்சும் இருக்கா?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் மேடம்."

"எனக்கும் அதே ரூல்தான். இங்க கேட்டது இந்த வாசப்படியைத் தாண்டாது. பேர், ஊர் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். சொல்லி முடித்து ஓவென்று அழுதேன். "உன் மேல தப்பில்லம்மா" என்பார் என்று காத்திருந்தேன். அவர் கேள்விதான் கேட்டார். "அந்த நாப்பது நிமிஷத்துல ரூல் செஞ்சது எது? நீங்க செஞ்சது எது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரயிலேறி வந்து குற்றவாளிக் கூண்டிலா நிற்க வேண்டும்? மறுவாரம் போக மாட்டேன் என்று அடம் பிடித்தேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அந்தக் கேள்வி விடவில்லை. அடுத்த முறை நானாகவே சொன்னேன்.

"லைட்னிங்கை முதல்ல விட்டது ரூலு. என்ன விஷயம்னு அவர்ட்ட ஒரு வார்த்தை கேக்காதது நான். உசுருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா லைனை வாங்கிக் குடுத்திருப்பேன்."

"இனிமே கேக்கலாமில்ல?" என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. போகப் போகக் கை அடங்கியது. லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போதே போர்டில் போய் உட்கார்ந்தேன்.

அதே குரல்

நாலைந்து மாசம் இருக்கும். மலை லைனில் அதே கணக்கப்பிள்ளையின் குரல். மதுரைக்கு ஆர்டினரி.

"என்ன விஷயம்ணே? ஆளுக்கு ஏதும் ஆகிப்போச்சா?"

"அதெல்லாம் இல்லம்மா, காய் கட்டச் சாக்கு வேணும்னு சொல்லணும்." அவருக்கு ஆச்சரியம். "இப்பிடி யாரும் கேட்டதில்லையே."

"அன்னைக்கு மரக்கொப்பு விழுந்தப்ப போர்டுல நாந்தாண்ணே இருந்தேன். அப்பக் கேக்காம விட்டுட்டேன்."

ரூலை மீறினேன்தான்.

"நீங்க என்னம்மா செய்வீக. ஜீப்புச் சாவி என் மடியிலதான் இருந்துச்சு. லோடை எறக்கிக் கெளம்பியிருக்கலாம். உத்தரவுக்கு நின்னேன். இப்பவும் ஜீப்புச் சத்தம் கேட்டா நெஞ்சு படபடங்குது. வீட்ல சொன்னாச் சிரிப்பாக."

"சிரிக்க மாட்டாக. மதுரையில ஒரு டாக்டரம்மா இருக்காக, எழுதிக்கங்க," என்றேன். விலாசம் சொன்னேன், எந்த ரயிலில் ஏறலாம் என்றும் சொன்னேன். பிறகொரு முறை மதுரைக்குப் போனபோது, அவர் வந்தாரா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். டாக்டரம்மா வாயே திறக்கவில்லை. ரூல் ரூல்தானே.

அடுத்த மழைக்காலத்தில், நல்ல ஏல நாளில், மலை லைன் மணி அடித்தது. அதே கணக்கப்பிள்ளை.

"எக்சேஞ்சம்மா, ஒரு ஆளைப் பாம்பு கடிச்சிருச்சு. போடி ஆஸ்பத்திரியில மருந்தோட தயாரா இருக்கச் சொல்லுங்க."

"மொதலாளிக்கு லைன் போடவாண்ணே?"

"அவருக்கு அப்பறம் பேசிக்கிருவோம். ஆள ஏத்திக்கிட்டு ஜீப்பு எறங்கிருச்சும்மா."

ஆஸ்பத்திரிக்குக் கார்டைச் சொருகினேன். கை நடுங்கவில்லை. அந்த ஆள் பிழைத்துக்கொண்டான்.