மூன்று படிக்குக் குறையாமல்

எங்கள் ஊர்ச் சாவடியில் அந்தத் தீர்மானம் ஆனது 1911 புரட்டாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசியில் பிசானப் போகத்துக்கு நாற்று நடும் நடுவைக்கு இறங்கும் பெண்ணாளுக்கு நாளொன்றுக்கு மூன்று படி நெல்லுக்குக் குறைய எவரும் கொடுக்கக் கூடாது. குறைத்தவர் வாய்க்கால் தூர்வாரும் செலவில் இரட்டைப் பங்கு கட்ட வேண்டும். அதுவரை இரண்டு படிதான். நிலக்காரர்களுக்கு மனம் இளகிவிடவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணிகள் முக்கூடல் சந்தை வரை வந்துவிட்டார்கள். சேரியில் பல குடிசைகள் அடைத்துக் கிடந்தன. நாற்று முற்றிக்கொண்டிருந்தது; நட ஆள் இல்லை.

நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தாய்வழி வந்த ஒரு துண்டு வயல் இருந்ததால் சாவடியில் எனக்கும் பேச இடம் உண்டு. இங்கிலாந்தில் சில தொழில்களுக்கு இதற்குக் கீழே கூலி கூடாதென்று சட்டமே வந்துவிட்டதாகப் பத்திரிகையில் படித்திருந்தேன். அதைச் சொல்லியே மூன்று படிக்கு வாதாடினேன். அது நடைமுறைக்கு வந்தபின் ஊரில் என்னென்ன மாறுகிறது என்று இரண்டு பிசானம் கூடவே இருந்து பார்த்து, ஒரு கட்டுரை எழுதத் தீர்மானித்தேன்.

முதலில் கண்டவை நல்லவை. சேரிப் பெண்கள் சந்தையில் கருவாடு வாங்கினார்கள். மாடு மேய்க்கப் போயிருந்த பிள்ளைகளில் சிலர் பள்ளிக்கூடம் திரும்பினார்கள். கப்பலேறுகிறவர்கள் குறைந்தார்கள். அப்புறம், நிலக்காரர்கள் மத்தியானம் வயலுக்கு அனுப்பும் கஞ்சிப் பானை நின்றது. எட்டுப் பேர் இறங்கிய வயலில் ஆறு பேர் இறங்கினார்கள்.

விடுபட்டவர்களில் ஒருத்தி என் வயலிலும் வழக்கமாக நடுகிற கிழவி. முந்தின கார்ப் போக அறுப்பில் வரப்பில் விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. நடுவையில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, ஆளுக்கொரு பங்கு அகலத்தை நட்டபடி ஒன்றாகப் பின்னால் நகர வேண்டும். ஒரு கை தாமதித்தாலும் வரிசை வளைந்து, வரப்பில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஊரில் அதிக நிலம் உள்ளவர் என் அத்தான். அவரிடம் கேட்டேன்.

“மூணு படின்னு சொன்னது நீருதானவே, மாப்ளே. மூணு படிக்குப் பெறுத கை எங்கன இருக்கோ அதைத்தான் கூப்பிடுவேன்” என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் கிழவி மருமகளோடு என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“நான் பைய நடுதேன்யா. எனக்குப் பழைய ரெண்டு படியே போதும். யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

எனக்குச் சம்மதந்தான். மருமகள் குறுக்கிட்டாள். “வேண்டாம்யா. இன்னைக்கு அத்தைக்கு ரெண்டு படி குடுத்தா, நாளைக்கு எங்க எல்லாத்துக்கும் அதுதாம்பாக.”

அவள் வேறு வழி வைத்திருந்தாள். என் வயலில் கிழவியைத் தன் இடப்பக்கம் நிறுத்தி, தன் பங்கை நட்ட கையோடு எட்டி அவள் பங்கில் பாதியையும் நட்டாள். வரிசை வளையவில்லை. அதைப் பார்த்து அத்தானும் இருவரையும் அழைத்துக்கொண்டார். “மாமியா பங்கை மருமவ மொனங்காம நடுதா. உலகம் தலைகீழால்லா போச்சு” என்று மற்றப் பெண்கள் கேலி பேசினார்கள். கிழவியும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பிசான நடுவை முடிகையில் மருமகளால் நேராக நிமிர முடியவில்லை; இடுப்பில் கைவைத்து நடந்தாள்.

1912 ஆவணியில், முன்பே தோட்ட வேலைக்குக் கப்பலேறியிருந்த அவள் புருஷன் இலங்கையிலிருந்து சொல்லியனுப்பினான். ஐப்பசியில் கங்காணி ஒரு கூட்டத்தைத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போகிறான். அதோடு புறப்பட்டு வரவேண்டும். கிழவியையும் கூட்டிப் போகலாமா என்று இவள் கேட்டதற்கு, கொழுந்து கிள்ள இரண்டு கையும் வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டானாம். இவள் போனால் கிழவிக்கு வரிசையில் இடமில்லை.

போன வருஷம் எதை வேண்டாமென்றாளோ, அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். வயசானவர்களுக்கும் கை முடியாதவர்களுக்கும் மட்டும் இரண்டு படி கொடுக்கலாமென்று சாவடியில் சொல்லி வாங்கித் தர முடியுமா? கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

புரட்டாசிக் கூட்டத்தில் அதை நான் எழுந்து சொன்னேன். மறுப்பு வரும் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. அத்தான் உடனே ஒப்புக்கொண்டார்.

“நல்ல காரியம் மாப்ளே. யாருக்கு வயசாச்சு, யாரு கை மந்தம்னு நாங்க பாத்துக்கிடுதோம்.”

சாவடி முழுவதும் தலையாட்டியது. ஒருவர் அப்போதே தம் வயலில் நடுகிற பெண்களில் யார் யார் மந்தம் என்று சொல்லத் தொடங்கினார். அதில் இருபது வயதுப் பெண்களும் இருந்தார்கள். நான் மறுபடி எழுந்து, என் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். வாத்தியாருக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மூன்று படி அப்படியே நின்றது.

நடந்ததை அவளிடம் முழுக்கச் சொன்னேன்.

“அப்ப நான் இருந்துக்கிடுதேன்யா” என்றாள்.

அந்த ஐப்பசியில் அத்தானுடைய ஆற்றோர வயலில் நடுவை நடந்தபோது நான் வரப்பில் நின்றேன். என் கட்டுரையில் அந்த வயலைப் பற்றி, ‘ஆறு பெண்கள், ஆளுக்கு மூன்று படி’ என்றுதான் இருக்கிறது. அது சரியான கணக்கு. கிழவி இடப்பக்கம் நின்று நாற்றைப் பிரித்துப் பிரித்து மருமகள் கைக்கு நீட்டினாள். மருமகள் இரண்டு பங்கையும் நட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வெயில் ஏறும்போது கங்காணியின் கூட்டம் மூட்டைகளோடு ஆற்றங்கரைப் பாதையில் போயிற்று. அதிலிருந்து ஒருத்தி இவளைக் கூப்பிட்டாள். மற்றப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் வரிசை வளைந்துவிடும்.