சொல்லிக்கொள்ளாமல் போன வகுப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இண்டர்மீடியட் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்த சேலத்துக்கு வந்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். என் பொயட்ரி வகுப்பில் பையன்கள் காலால் தரையைத் தேய்த்துக் கலாட்டா செய்கிறார்களாம்.

"இன்னொரு தடவை சத்தம் கேட்டா உம்மை கன்ஃபர்ம் பண்ண மாட்டேன், ஓய்!"

தேய்க்காமல் என்ன செய்வார்கள்? பாடம், செத்துப்போன நண்பனுக்காக ஒரு வெள்ளைக்காரக் கவிஞர் பாடிய நீண்ட புலம்பல். பத்து வரி தாண்டினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்; புத்தகத்தை மூடிவிட்டு நோட்ஸ் எழுதச் சொல்லிவிடுவேன். என் மனைவி இறந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்காக அழுதவர்கள் எல்லாரும் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தார்கள். இங்கே யாருக்கும் தெரியாது. பிழைக்க வந்த இடத்தில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சூரமங்கலத்தில் ஒரு விவசாயி வீட்டின் பக்கத்து அறையில் குடியிருந்தேன். அன்று சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டை உரக்கப் படித்துப் பழகினேன். படிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க சாமி, யாருங்க தவறிட்டாங்க?" என்றார் அந்த அம்மாள்.

இது வெறும் பாட்டு, எவனோ ஒரு வெள்ளைக்காரன் செத்ததற்குப் பாடியது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "என் சம்சாரம்" என்று வந்துவிட்டது.

"அடக் கடவுளே! இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலீங்களே! ஒத்தையாவா அழுவீங்க?"

வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்கள். தண்ணீர் எடுக்கப் போகும்போதுகூட "வாரேனுங்க" என்று சொல்கிறவர்கள், துக்க வீட்டு முறைப்படி, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். சேலத்தைப் பொறுத்தவரை அவள் அன்றைக்குத்தான் இறந்தாள்.

மறுநாள் நோட்ஸ் கொடுக்கவில்லை. இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்பது விதி. போகட்டும் என்று தமிழிலேயே சொன்னேன்: "போன மாசியில் என் மனைவி தவறிவிட்டாள். இதுவும் துக்க வீட்டுப் பாட்டுதான்." பிறகு முழுவதையும் படித்தேன். தொண்டை அடைத்தபோது நிறுத்தினேன், சரியானதும் தொடர்ந்தேன். ஒரு காலும் அசையவில்லை.

வேலை கன்ஃபர்ம் ஆயிற்று. ஆனால் அறைக்குத் திரும்பினால் பழைய தனிமைதான், அது லேசில் விடவில்லை. புதிதாக வருகிற வாத்தியார்களுக்கு ஒன்று சொல்வேன். துக்கத்தை அறையில் பூட்டி வைத்துவிட்டு வந்து அழுகைப் பாட்டை நடத்த முடியாது ஐயா, பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்று நான் பாட்டைப் படித்து முடித்ததும் மணி அடித்தது. தினமும் "வாரேனுங்க சார்" என்று கத்திக்கொண்டு ஓடுகிற பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியே போனார்கள்.