வெள்ளிக்கிழமை போன்

என் மகனுக்கு அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சாம்பல் நிற டிக் நிற்கிறது. போன திங்கட்கிழமை "சாப்பிட்டியா மக்கா" என்று கேட்டு அனுப்பியது. இதோ, அடுத்த திங்கட்கிழமையும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அனுப்பியவை எல்லாம் அதன் கீழே வரிசையாக, ஒவ்வொன்றும் ஒற்றை டிக்கோடு கிடக்கின்றன. இரண்டாவது டிக் விழுந்தால் அவன் போனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். நீலமானால் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். போலந்தில் ஒரு கிடங்கில் சாமான் கட்டி அனுப்பும் வேலை. போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. கூப்பிட்டால் ஒரு பெண் புரியாத பாஷையில் நிதானமாக ஏதோ சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள். மறுபடியும் கூப்பிடுகிறேன், மறுபடியும் அவள்தான்.

கையில் இருக்கும் இந்தப் போனுக்கு மணமே கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் முன்பு இருந்த கறுப்புப் போனுக்கு மணம் உண்டு. வெற்றிலை, பீடி, முகப்பவுடர், அன்றைக்கு வைத்த மீன்குழம்பு, எல்லாம் கலந்த ஒரு மணம். எங்கள் பக்கத்தில் பாதிப்பேருடைய வாய் அதில் பட்டிருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, ஓடிகொலோனில் நனைத்த துணியால் அதைத் துடைத்து வைப்பது என் வேலை. மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் துடைப்பேன். இன்று அந்த மணம் ஒரு தடவை கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். கேரள எல்லைக்குள், பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து இறங்கி ரப்பர்த் தோட்டங்களுக்குள் போகும் பாதையில் வீடு. மாமனாருக்கு ரப்பர் ஷீட் வாங்கும் கடை. அந்த வியாபாரத்துக்காக வாங்கியதுதான் போன். சுற்றுவட்டாரத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அதனால் சவூதி, துபாய், மஸ்கட் என்று போயிருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் எங்கள் நம்பர்தான் வீட்டு நம்பர். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ஓட்டம்.

முதலில் மணி அடிக்கும். எடுத்தால், "லில்லிய விளிக்கணும், கொஞ்சம் களிஞ்சு திரும்ப விளிக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அதற்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நான் புதுப்பெண், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடுவேன். வாய்க்கால் பாலத்தில் நின்று "லில்லியே, கல்ஃப் போன்!" என்று ஒரு கூப்பாடு. அதை அடுத்த வீட்டில் வாங்கி அதற்கடுத்த வீட்டுக்குக் கத்துவார்கள். நான் போய்ச் சேரும் முன்னே என் குரல் போய்ச் சேர்ந்துவிடும். கொஞ்ச மாதத்தில் அதற்கும் அவசியம் இல்லாமல் போனது. வெள்ளிக்கிழமை வந்தால் பெண்கள் தாங்களாகவே வந்து முற்றத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். மரச்சீனிக் கிழங்கு அவித்து வைப்பேன். யாராவது தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்மந்தி அரைத்துக் கொண்டுவருவார்கள். பால் விடாத கட்டன் சாயா கொதித்துக்கொண்டே இருக்கும். பின்னால் புகைப்புரையில் ரப்பர் ஷீட் உலரப் புகைகிற வாடை வேறு.

போனில் பேச வருகிறவர்கள் தலைசீவி, பவுடர் போட்டு, நல்ல சேலை உடுத்து வருவார்கள். போனில் புருஷனுக்குத் தெரியவா போகிறது என்று நான் கேலி செய்வேன். இப்போது மகன் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில், நான் கிழிந்த நைட்டியோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். "அம்மா, லைட்டப் போடு, முகம் தெரியல்ல" என்பான்.

லில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாய்க்காலுக்கு அக்கரை வீடு, என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், ஆனால் எனக்கு முன்பே கல்யாணமானவள். அவள் புருஷன் தாசன் சவூதியில் கட்டட வேலைக்குப் போய், திருச்சூர்க்காரர்களோடு ஒரே அறையில் தங்கி, நாக்கு அப்படியே மலையாளத்துக்குத் திரும்பிவிட்டது. முதல் தடவை அவன் கூப்பிட்டு, "லில்லி, சுகமாணோ? மோன் பள்ளிக்கூடத்தில் போகுன்னுண்டோ?" என்று கேட்டதும், இவள் பயந்துபோய் ரிசீவரை என் கையில் திணித்துவிட்டாள்.

"அக்கா, இது எனக்க ஆளு இல்ல. யாரோ ஆபீசராக்கும் பேசுதாரு."

வெளியில் மலையாளமும் வீட்டுக்குள் தமிழும் பேசி வளர்ந்த நாங்கள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்யமுடியும். கட்டிய புருஷன் பெண்டாட்டியிடம் வெளி பாஷை பேசுவான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முற்றம் முழுக்கச் சிரித்தது. பேப்பர் படிப்பதுபோல எல்லாப் பேச்சையும் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் என் மாமனாருடைய பேப்பர்கூடக் குலுங்கியது. அதிலிருந்து தாசன் எடுத்த எடுப்பில் "பிள்ளே, நாந்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவான்.

ரகசியம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒருத்தி அழுதால் ஏன் அழுதாள் என்று எல்லோருக்கும் தெரியும். அது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று அன்று நினைத்தேன், எவ்வளவு பெரிய காவல் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை தாசன் கூப்பிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் இல்லை. லில்லி மத்தியானத்திலிருந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பவுடரில் கண்ணீர்க் கோடு விழுந்து முகமே வேறாகிவிட்டது. யாரும் மரச்சீனியைத் தொடவில்லை. அப்போது மணி அடித்தது. மேரியின் புருஷன் செல்வராஜ், ரியாத்திலிருந்து. மேரி எழுந்து ஓடிவர, அவளுக்கு முன்னே என் மாமனார் ரிசீவரை எடுத்தார். அதுவரை பிறத்தியார் போனை அவர் எடுத்ததே இல்லை.

"செல்வராஜே, நானாக்கும், ஷீட்டுக்கடை. மேரி பேசதுக்கு முன்ன ஒரு காரியம். தாசனுக்கு ரெண்டு வாரமா போன் இல்ல. இஞ்ச அந்தப் பிள்ளை தீ தின்னுதா."

செல்வராஜும் தாசனும் வேலித் தகராறில் வருடக்கணக்காக முகம் பார்க்காதவர்கள். கல்ஃப் போனில் நிமிஷத்துக்கு நிமிஷம் காசு. மாமனார் அவசரமாக ரிசீவரை மேரியிடம் நீட்டினார். ஒரு வாரப் பேச்சை மனசில் சேர்த்துவைத்திருந்த மேரி அதை வாங்கவில்லை.

"எனக்கு அடுத்த வாரம் போரும் மாமா. நீங்க தாசன் காரியத்தப் பேசித் தீருங்கோ."

அன்று வந்த போன்கள் எல்லாம் அப்படித்தான் ஆயின. ஒருத்தியும் தன் புருஷனிடம் தன் பாட்டைப் பேசவில்லை. எல்லோரும் தாசனைத்தான் கேட்டார்கள். செல்வராஜ் வேலைக்கு மட்டம் போட்டு, நம் பக்கத்துப் பெருங்கடவிளைக்காரன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறி முகாம் முகாமாக விசாரித்துப் போயிருக்கிறான். தாசன் காய்ச்சலில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சொல்லியனுப்ப ஆளில்லை. வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாள் காலையில் எங்கள் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். செல்வராஜ், "அக்கா, லில்லிய விளிங்கோ, நான் அவனுக்க பக்கத்துலதான் இருக்கேன்" என்றான். அன்று ஓடிய ஓட்டம் போல நான் வாழ்நாளில் ஓடியதில்லை. பாலத்தில் நின்று என்ன கத்தினேன் என்றுகூட ஞாபகம் இல்லை.

இப்போது எங்கள் பாதை முழுக்கச் சுற்றுச்சுவரும் கேட்டும்தான். பக்கத்து வீட்டுப் பையனும் எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிறான் என்று தெரியும். எந்த நாடு என்று தெரியாது. கேட்டுக்கொள்ளவில்லை, அவர்களும் கேட்டதில்லை. என் மகனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள் பேர்கூட எனக்குத் தெரியாது. அனுப்பிவைத்த ஏஜென்சியைத் தேடி என் வீட்டுக்காரர் திருவனந்தபுரம் போனார். கதவு பூட்டிக்கிடந்ததாம். கொடுக்க வேண்டிய இடத்தில் மனு கொடுத்தாயிற்று, தகவல் வந்தால் சொல்கிறோம் என்கிறார்கள். அவர் வந்ததிலிருந்து சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். நான் யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாதவள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

இன்று காலை அமரவிளையில் மீன் வாங்க நின்றபோது லில்லி வந்தாள். நரைத்துவிட்டாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். தாசன் ஊருக்கு வந்து ஒரு கடை வைத்திருக்கிறான்.

"அக்கா, மோனுக்கு சொகந்தானா?"

"சொகம்" என்றேன். "நேத்துகூடப் பேசினான்" என்றும் சொன்னேன். சொன்ன கையோடு, மீன்காரி முன்னால், ரோடு என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

லில்லி என்னை இழுத்துக் கடைத்திண்டில் உட்கார வைத்தாள். முழுக்கக் கேட்டாள். "நீ என்னத்துக்கு அக்கா வாய மூடிட்டு இருந்த?" என்று திட்டினாள். அங்கேயே போனை எடுத்தாள். அவள் மகள் அயர்லாந்தில் நர்ஸ். ஐரோப்பாவில் இருக்கும் நம் பக்கத்து ஆட்களுக்கென்று ஒரு குரூப் இருக்கிறதாம், நூற்றுக்கணக்கில் ஆட்களாம். என் மகனின் போட்டோ, ஊர்ப் பேர், அவன் பார்சலுக்காக எனக்கு அனுப்பியிருந்த அறை விலாசம், எல்லாவற்றையும் மகள் அதில் போட்டாள். வரும் பதில்களை அப்படியே அம்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். லில்லி போனை எனக்கும் தெரியும்படி பிடித்தாள். கூப்பிய கைகள் வந்தன. அழுகிற முகங்கள் வந்தன. "தெய்வம் காக்கட்டும்" என்று வந்தது. மறுபடி கூப்பிய கைகள்.

"எக்கா, இஞ்ச பாரு! இந்தப் பய போலந்துல மோன் இருக்க அதே ஊருதானாம்!" லில்லி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு உயிர் வந்தது. அந்தத் தெரு தனக்குத் தெரியும் என்றே அவன் எழுதியிருந்தான். லில்லி சத்தமாக வாசித்துக்கொண்டே போனவள் மீதியை மெதுவாக வாசித்தாள். டியூட்டி திரக்காம், நேரமே இல்லையாம், லீவு கிடைக்காதாம், பிரார்த்திக்கிறானாம்.

கூப்பிய கைகள் மேலும் மேலும் வந்துகொண்டே இருந்தன. லில்லி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பவும் வாசித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"போய்ப் பாத்துட்டு வாறேன்னு ஒருத்தன் எழுதல்லியே அக்கா."