சாந்தி வரவழைத்த படம்

இப்படி ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன். எங்கள் ஊர் புலாவ் செபாங்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, படியேறினால் நெஞ்சைப் பிடிக்கிறாய், ஆஸ்பத்திரிக்குப் போ சாந்தி" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "அங்கிள் டாக்டருக்கு எங்க படிச்சீங்க?" என்று சிரிப்பாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் தம்பி போன் செய்து, "அக்கா போயிட்டாங்க அங்கிள்" என்றான். சொன்னது பலித்ததற்காக வாழ்க்கையில் முதல்முறை என் வாயையே சபித்தேன்.

ரயில் நிலையத்துப் பக்கம் அவள் வைத்திருந்த போட்டோகாப்பி கடை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் விஷயத்தில் மலாக்காவிலேயே எனக்கு அடுத்தபடி அவள்தான். எனக்கு விவரம் அதிகம், அவளுக்குக் கை வேகம்.

என் மகள் கல்யாணம் மெல்பர்னில். என் மனைவி லெட்சுமி இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தாள். லேப்டாப்பில் நேரலையாகப் பார்க்க ஏற்பாடு. மேளம் கேட்கிறது, மந்திரம் கேட்கிறது, படம் மட்டும் ஒரே கறுப்பு. "பெத்த பிள்ளை கழுத்துல தாலி ஏறுறத பாக்கக் குடுத்து வைக்கலியே" என்று லெட்சுமி அழுதாள். நான் திரையைத் துணியால் துடைத்தேன், லேப்டாப்பின் முதுகில் இரண்டு தட்டும் தட்டினேன். பிறகுதான் சாந்தியைக் கூப்பிட்டேன்.

கடையைச் சாத்திவிட்டு மோட்டாரில் பறந்து வந்தாள். "தொடச்சா படம் வர்றதுக்கு இது என்ன மீன் தொட்டியா அங்கிள்? தள்ளுங்க லா." வேறொரு வீடியோவைத் திறந்தாள். அதுவும் கறுப்பு. "பாத்தீங்களா, மெல்பர்ன்ல கோளாறு இல்ல. இங்கதான்." பிரவுசர் செட்டிங்கில் எதையோ தேடி அணைத்தாள். "படம் வரையுற வேலைய கிராபிக்ஸ் சில்லுகிட்ட குடுத்திருக்கு. அது மக்கர் பண்ணுது. லீவு குடுத்துட்டேன்." பிரவுசரை மூடித் திறந்தாள். படம் வந்தது! மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிற அதே நேரம். லெட்சுமி விரலை நீட்டித் திரையிலேயே மகள் கழுத்தைத் தொட்டாள்.

இதை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. சாந்தி பக்கத்தில் இருந்தால், "ஆமாங்க, ஒரு நொடி பிந்தியிருந்தா போச்சு" என்பாள்.

நேற்று அவள் தகனத்திலும் சொன்னேன். சொல்லிவிட்டுப் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பினேன். ஆமாங்க என்று சொல்ல ஆளில்லை.

அதனால் உங்களிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். படம் வந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. லெட்சுமி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். சாந்திதான் என் மகளுக்குப் போன் போட்டு, "வந்து உங்கம்மாவுக்குத் தாலிய காட்டு லா" என்றாள். மகள் கேமரா அருகில் வந்து தாலியை உயர்த்திப் பிடித்தாள். லெட்சுமி தொட்டது அப்போதுதான். வாசலில் செருப்பை மாட்டும்போது சாந்தி என்னிடம் சொன்னாள்: "கட்டுறதையே பாத்தோம்னு சொல்லிக்கிட்டே இருங்க அங்கிள். ஆன்ட்டிக்கும் அப்படியே ஞாபகம் ஆயிடும்."

ஆகிவிட்டது. சாந்தி எனக்கு விட்டுப்போனது அதுதான். லெட்சுமிக்கு இப்போது கண் மங்கல், எழுதிய இதை நான்தான் படித்துக் காட்டுவேன். மேலே உள்ள பத்தியையும் இந்தப் பத்தியையும் விட்டுவிடுவேன். அவள் உங்களைக் கேட்டால், சாந்தி சொல்வது போலவே "ஆமாங்க" என்று சொல்லிவிடுங்கள்.