ஸ்கூட்டரில் வந்த மண்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்கு விளைச்சலின் முதற்பலனைக் காணிக்கையாக வைக்க வேண்டும். சேலையூரில் யாருக்கு வயல் இருக்கிறது? தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய பூசணியைத்தான் எல்லாரும் பயபக்தியோடு பீடத்தின் முன் வைப்போம். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள்.

ஒரு வருடம் அம்மா முறுக்கிக்கொண்டாள். இந்தத் தடவை நம் மண்ணில் விளைந்ததைத்தான் வைப்பேன் என்றாள்.

"கடைப் பூசணின்னா ஆண்டவர் வேணாம்னுடுவாரா?" என்று சிரித்தார் அப்பா. வீட்டுக்குள் சேறு வரக்கூடாதென்று கேட்டிலிருந்து பின்சுவர் வரை சிமெண்ட் பூசி வைத்தவர் அவர்தான்.

அம்மா கொத்தனாரைக் கூப்பிட்டு, பின்பக்கம் ஒரு கட்டில் அகலத்துக்குச் சிமெண்டை உடைக்கச் சொன்னாள். அடியில் கிடந்ததோ வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டும் காய்ந்த கலவையும். அதில் போட்ட பூசணி விதை முளைத்த கையோடு மஞ்சளாகிச் செத்தது. அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஒரு செடிக்கா இவ்வளவு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்த அப்பாவின் ஸ்கூட்டரில், காலுக்கு நடுவே ஒரு மூட்டை. மாடம்பாக்கத்தில் வயலாக இருந்த மனையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்களாம். மேல்மண்ணைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். இஸ்திரி போட்ட பேண்ட் முழங்கால் வரை கறுப்பு. குழி நிரம்பும்வரை தினமும் மூட்டை வந்தது. அந்தப் பேண்டுகளை அம்மா தினமும் துவைத்துப் போட்டாள்.

அதில் மறுபடி விதைத்த கொடி மதிலேறியது. காய்த்தது ஒன்றே ஒன்று, ஆனால் நல்ல காய்.

பண்டிகையன்று அதைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு அம்மா நிமிர்ந்து நடந்து வந்தாள். எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஏலத்தில்தான் வினை வந்தது. யார் கேட்டாலும் அப்பா அதற்கு மேல் கேட்டார். கடைசியில் மற்றவர்கள் அலுத்து விட்டுவிட, பூசணி எங்களோடு வீடு திரும்பியது.

"குடுத்ததைத் திருப்பி எடுத்துட்டு வருவாங்களா? சபையே சிரிக்குது," என்றாள் அம்மா.

அப்பா அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். தானே காயை அரிந்து, தோலையும் குடலையும் கொடியின் வேரடியில் புதைத்தார். அந்த விலைக்கு மார்க்கெட்டில் ஒரு கூடையே வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சாப்பிட வாடா," என்றார்.

பூசணி விதையிலிருந்து வருகிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். சுமந்து வந்த மண் காயாகிக் கண்முன் நிற்கும்போது, அதை இன்னொருத்தர் தூக்கிப் போக விட ஒரு மனுஷனுக்கு மனசு வராது என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.