சிவப்புக் கயிறு கட்டிய சாக்கு

நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் காலிச் சாக்கைத் தூக்கி எறிய மனசே வராது. ஓட்ஸ் தீர்ந்தால் அதில் சோளம் கட்டுவோம், சோளம் தீர்ந்தால் ஆணி கட்டுவோம். மேலே அச்சடித்திருப்பதை யார் படிக்கிறார்கள்? வீட்டு ஆட்களுக்குத் தெரியும், அது போதும் என்ற நினைப்பு.

தீவனக் கடை டார்லா குபிச்செக் மட்டும் இதற்கு விதிவிலக்கு. சாக்கு காலியானதும் கத்தியை எடுத்து நெடுக்கக் கிழித்துத்தான் குப்பையில் போடுவாள். காப்பி குடிக்க வரும் கிழவர்களுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும்.

"ஏம்மா டார்லா, அந்தச் சாக்கு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? எங்கிட்ட குடுத்தா கொண்டுபோவேன்ல?"

"கொண்டுபோயி அதுல எதைக் கொட்டி வைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? காப்பியைக் குடிச்சமா கிளம்பினமான்னு இருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கத்தி பிடித்த கை மட்டும் சிரிக்காது.

கல்லூரியில் படிக்கும்போது டார்லா ஒரு சங்கத்தில் இருந்தாள். விவசாயம் படிக்கும் பெண்களுக்கென்றே நடந்த சகோதரிகள் சங்கம் அது. மற்ற சங்கத்துப் பெண்கள் கவுனும் நடனமுமாகத் திரிவார்கள். இவர்கள் வீட்டு வாசலில் சாணி அப்பிய பூட்ஸுகள் வரிசையாகக் கிடக்கும். புதிதாகச் சேரும் ஒவ்வொருத்திக்கும் மூத்தவளில் ஒருத்தியை அக்காவாகக் கொடுப்பார்கள். பாடம் சொல்லித் தருவதும், காதல் முறிந்தால் கண்ணைத் துடைப்பதும் அக்கா பொறுப்பு. சில வாரம் கழித்து முறைப்படிச் சேர்க்கும் நாளில் தங்கையின் சட்டையில் சங்கத்துச் சின்னம் பதித்த ஊசியைக் குத்தி விடுவதும் அவள்தான்.

அந்த வருஷம் பெய்ஜ் ரோலின்ஸ் என்று ஒருத்தி வந்தாள். ஒமாஹா நகரத்துப் பெண், அப்பா இன்ஷூரன்ஸ் விற்கிறவர். மாட்டைப் படத்தில்தான் பார்த்திருந்தாள். ஆனால் ஆசை இருந்ததே, அப்படி ஒரு ஆசை! சங்கத் தலைவி மார்னி டீட்மனுக்கு நம்பிக்கை இல்லை.

"இது ஒரு மாசம் தாங்குமா டார்லா? கையைப் பாரு, பஞ்சு மாதிரி இருக்கு."

"எனக்குக் குடு. நான் பாத்துக்கறேன்," என்றாள் டார்லா.

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். ஒரே மாதத்தில் பெய்ஜ் அவள் நிழலாகிவிட்டாள். வாயைத் திறந்தால் அக்கா, அக்கா.

இலையுதிர் காலத்தில், டவுன் குழந்தைகளை வைக்கோல் வண்டியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவது சங்கத்து வழக்கம். வண்டி டார்லாவின் அப்பா பண்ணையில் இருந்தது. இழுப்பது ஓப்பல். மலை மாதிரி ஒரு பெல்ஜியக் குதிரை, குணத்தில் பச்சைப் பிள்ளை. தாய் செத்துப்போன அதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் டார்லா.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே பெண்கள் எல்லாரும் பண்ணைக்கு வந்து இறங்கினார்கள். டார்லாவின் அம்மா சில்லி என்கிற காரமான கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் செய்து வைத்திருந்தாள். கும்மாளமாகச் சாப்பிட்டார்கள். டார்லா வண்டிச் சக்கரத்துக்கு மசகு போடப் போனாள். அக்காவுக்குக் கொஞ்சம் ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று பெய்ஜ் தானாகவே கொட்டகைக்குப் போய் ஓப்பலுக்குத் தீவனம் வைத்தாள். ஓட்ஸ் என்று எழுதிய சாக்கைத் தேடி எடுத்து, வாளி நிறைய வைத்தாள். விடிந்ததும் எழுந்து இன்னொரு வாளி.

அந்தச் சாக்கின் வாயில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. சிவப்புக் கயிறு என்றால் மாட்டுக்கு. மாட்டுத் தீவனப் பையை எலி கடித்துவிட்டதென்று, மருந்து கலந்த அந்த அடர்தீவனத்தை ஓட்ஸ் சாக்கில் கொட்டிக் கட்டி வைத்தவள் டார்லாதான். மாட்டுக்குச் சதை போடும் மருந்து குதிரைக்கு நஞ்சு. குபிச்செக் வீட்டில் நாய்க்குக்கூட அந்தக் கயிறு தெரியும். ஒமாஹாவிலிருந்து வந்த பெண்ணுக்கு யார் சொன்னார்கள்?

சனிக்கிழமை மத்தியானம், இரண்டாம் சவாரியிலேயே ஓப்பலுக்கு வேர்த்துக் கொட்டியது. பின்னங்கால் பின்னியது. குழந்தைகளை அவசரமாக இறக்கிவிட்டு, அதைக் கொட்டகைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பெய்ஜ் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே கூட நடந்தாள்.

"நேத்தும் இன்னிக்கும் வாளி நிறைய வச்சேனே அக்கா, எல்லாத்தையும் நக்கிச் சாப்பிட்டுச்சே. அப்புறம் ஏன் இப்படிச் சோர்ந்து போகுது?"

டார்லா நின்றாள். "எதிலேருந்து எடுத்து வச்ச?"

"அதோ, அந்த ஓட்ஸ் சாக்குலேருந்து."

டார்லா சாக்கைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்புக் கயிறு அவிழ்ந்து தரையில் கிடந்தது.

கால்நடை டாக்டர் லூயிஸ் ஹாக் வந்து, குதிரையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். பிறகு டார்லாவைத் தனியாகக் கூட்டிப்போனார். டார்லா சாக்கைக் காட்டினாள். அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டுக் கீழே போட்டார்.

"ஏதாவது பண்ணுங்க டாக்டர்."

"நஞ்சை உறிஞ்சறதுக்குக் கரி கரைச்சுக் குடுக்கறேன். வலிக்கு ஊசி போடறேன். ஆனா இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு இல்லம்மா. இதயத்தையே தின்னுடும். கூட நில்லு, வேற என்ன சொல்றது?"

மண்ணைப் படித்தவள், விதையைப் படித்தவள், மாட்டையே நாலு வருஷம் படித்தவள், அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். அத்தனை படிப்பும் அங்கே எதற்கு உதவியது? ஒருத்தி தண்ணீர் வைத்தாள், ஒருத்தி போர்வை போர்த்தினாள். ஞாயிறு காலையில் ஓப்பல் சாய்ந்து விழுந்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

பெய்ஜ் தேம்பினாள். "என்ன ஆச்சு அக்கா? ஏன் செத்துப்போச்சு?"

டார்லா வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தை மாறிப்போயிற்று. "வயித்து வலி. குதிரைக்கு வரும்."

சமையலறையில் மார்னி கதவைச் சாத்திவிட்டு, பெய்ஜ் தவிர மற்ற எல்லாரிடமும் சொன்னாள். "அவகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சா படிப்பையே விட்டுட்டு ஓடிடுவா."

"சாக்கு கட்டினது நானு. தப்பு என்னுது," என்றாள் டார்லா.

"அதை நீ சொன்னா அவ கேப்பாளா? வாளியைத் தூக்கினது அவ கைதானே?"

எல்லாரும் தலையாட்டினார்கள்.

பெய்ஜை முறைப்படிச் சங்கத்தில் சேர்த்த நாளில் டார்லா சங்கத்து ஊசியை அவள் சட்டையில் குத்திவிட்டாள். புதுப்பெண்கள் ஆளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும். பெய்ஜ் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஓப்பலுக்குக் கடைசியா சாப்பாடு போட்டது நான்தான். ரெண்டு வேளையும் வயிறு நிறையப் போட்டேன். அது பசியோட போகலங்கறதுதான் எனக்கு ஆறுதல்." அறையில் ஒரு முகமும் நிமிரவில்லை. அட கொடுமையே, அதோடு விட்டாளா? குளிர்காலம் முழுக்க, ஓப்பல் பேச்சு வந்தபோதெல்லாம் அதையே சொன்னாள். கேட்டவர்கள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மார்ச் மாதம் வந்தது. தீவனப் பாடம் கட்டாயப் பாடம். டார்லா முன்னாடியே படித்து முடித்தது. எந்த வாரம் என்ன நடத்துவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மாட்டு மருந்தைப் பற்றிச் சொல்லும்போது வாத்தியார் குதிரையைச் சொல்லாமல் விடமாட்டார். வேர்வையைச் சொல்வார், பின்னங்கால் பின்னுவதைச் சொல்வார். முந்தின வாரம் முழுக்க டார்லா, இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று பெய்ஜின் அறை வாசல் வரை போனாள். உள்ளே போய், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். வாத்தியார் வாயை அவளால் பொத்த முடியுமா? வருகிற நாளைத்தான் தள்ளிப்போட முடியுமா?

அந்தப் பாடம் நடந்த அன்று காலை, வகுப்பு வாசலில் இரண்டு காப்பியோடு நின்றாள். கதவு திறந்தது. கூட்டமெல்லாம் போனபிறகு பெய்ஜ் வந்தாள். அழுதிருக்கவில்லை. அழுதிருந்தால் டார்லாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

"எல்லாருக்கும் தெரியும், இல்ல?"

"பெய்ஜ், சாக்கை மாத்திக் கட்டினது நான்தான். உன்மேல ஒரு தப்பும்..."

"அதை நான் கேக்கல. வயிறு நிறையப் போட்டேன், வயிறு நிறையப் போட்டேன்னு நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். எல்லாரும் உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

டார்லா காப்பியை நீட்டினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெய்ஜ் அதை வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ்" என்றும் சொன்னாள்.

மார்னி பயந்த மாதிரி அவள் படிப்பை விட்டு ஓடவில்லை. சங்கத்தையும் விடவில்லை. எல்லா வேலைக்கும் முதல் ஆளாக வந்தாள், நல்ல மார்க் வாங்கித் தேறினாள். இப்போது மேற்கே ஏதோ ஊரில் கால்நடை டாக்டராக இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு இன்றைக்கும் டார்லாவின் கடைக்கு வாழ்த்து அட்டை வருகிறது. "அன்புள்ள டார்லாவுக்கு" என்று ஆரம்பித்திருப்பாள். அந்தக் காலைக்குப் பிறகு அவள் ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிடவில்லை.